மூடிய பைனரி இறங்கும்போது பயனருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

வேர்க்காவல் (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் இரண்டு கோப்புறைகளை ஒப்பிட்டு வேறுபாடு காட்டும் ஒரு சின்னக் கருவி தேவைப்பட்டது. மென்பொருளைத் தேடி நிறுவித் தரும் நம் பேக்கேஜ் மேனேஜரில் தேடினேன், கிடைத்தது. ஒரே கட்டளைதான். பச்சைப் பட்டை ஓடியது, கடைசியில் 'நிறுவப்பட்டது' என்று வந்தது. வேலையும் நன்றாகவே செய்தது.

பத்து நாள் கழித்து அதில் ஒரு பிழை கண்ணில் பட்டது. நீளமான கோப்புப் பெயர் வந்தால் பட்டியலில் பத்திகள் இடம் மாறி நின்றன. நாமே திருத்தி அனுப்பலாமே என்று மூலநிரலைத் தேடிப் போனேன். அந்தக் கருவியின் களஞ்சியம் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு வாசிப்புக் கோப்பு, இரண்டு திரைப்பிடிப்புகள், உரிமக் கோப்பு. அவ்வளவுதான், மூலநிரல் இல்லை. உரிமத்தைப் படித்தால், பகுத்துப் பார்க்கக் கூடாது, மறுவிநியோகம் கூடாது, 'பயன்பாட்டுத் தகவல்' சேகரிக்கப்படலாம் என்று இருந்தது. அந்தப் பத்து நாளும் அலுவலகக் கோப்புகளை அதற்குள்தான் கொட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு, அதை எப்படி இறக்கி நிறுவுவது என்று சொல்லும் நம் செய்முறைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆறே வரி. பெயர், பதிப்பு, ஒரு முகவரி, ஒரு செக்சம், 'எடுத்து, நிரல்கள் இருக்கும் பின் (bin) கோப்புறையில் வை' என்ற கட்டளை, பராமரிப்பவர் பெயர். உரிமத்துக்கான இடம் காலி. செக்சம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் வெளியிட்ட கோப்பு வழியில் மாறாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அந்தக் கருவியைத் தயாரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் எதையும் மறைக்கவில்லை, உரிமம் அவர்கள் பக்கத்திலேயே இருந்தது. சொல்லாமல் விட்டது நாம்தான். மூலநிரலிலிருந்து நாமே கட்டிய (கம்பைல் செய்த) தொகுப்புக்கும், மூலநிரலைக் காட்டாமல் யாரோ கட்டிக் கொடுத்த மூடிய பைனரிக்கும் (இயக்கத் தயாரான கோப்புக்கும்) ஒரே பச்சைப் பட்டை, ஒரே வாசகம். இறக்கும் முன் ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பது என் முன்மொழிவு. தடுக்கச் சொல்லவில்லை, தெரிவிக்கத்தான் சொல்கிறேன். உங்கள் கருத்து என்ன?

அலைவரிசை

நோக்கம் புரிகிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. எச்சரிக்கை கூடக் கூட அதைப் படிப்பவர்கள் குறைவார்கள்.

லினக்ஸ் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை நிறுவியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நீல நிறத் திரையில் முழு உரிம ஒப்பந்தமும் விரியும். கீழே 'சரி' என்ற பொத்தான். என்டர் அடித்தால் எதுவும் நடக்காது, டேப் விசையை அழுத்திப் பொத்தானுக்குப் போக வேண்டும். அந்தத் திரையைப் பற்றி இணையத்தில் எத்தனை கேள்விகள்! எல்லாமே 'இதிலிருந்து எப்படி வெளியே வருவது' என்பதுதான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம், பாதிப் பேர் கட்டளையோடு சேர்த்தே, எல்லாக் கேள்விக்கும் முன்கூட்டியே சம்மதம் சொல்லும் 'ஆம்' கொடியைப் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் எதைக் காட்டப் போகிறீர்கள்?

கல்தச்சன்

மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசலாம். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

டெபியன் இதைக் களஞ்சியத்தைப் பிரிப்பதன் மூலம் தீர்த்தது. மெயின் (கட்டற்றவை, அதாவது மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருபவை), கான்ட்ரிப் (கட்டற்றவை, ஆனால் கட்டற்றவை அல்லாதவற்றைச் சார்ந்தவை), நான்-ஃப்ரீ (கட்டற்றவை அல்லாதவை). மெயின் பகுதியை மட்டும் வைத்திருப்பவருக்கு மூடிய தொகுப்பு கண்ணிலேயே படாது. எச்சரிக்கைக்கு அங்கே வேலையே இல்லை, எந்தக் கதவைத் திறக்கலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தாயிற்று. இதுபோக, வி-ஆர்-எம்-எஸ் என்ற பெயரில் வந்த ஒரு கருவி உண்டு (பின்னர் அதன் பெயரை மாற்றிவிட்டார்கள்). கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நம் கணினிக்குள் உட்கார்ந்து பார்ப்பதாகக் கற்பனை செய்து வைத்த பெயர் அது. ஏற்கனவே நிறுவியவற்றில் எவை கட்டற்றவை அல்ல என்று பட்டியல் போடும்.

நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜர் கடுமையான பக்கம். உரிமம் கட்டற்றதாக இல்லையென்றால் தொகுப்பை எடுக்கவே மறுத்துவிடும். அந்தப் பிழைச் செய்தியிலேயே எப்படி அனுமதிப்பது என்றும் சொல்லிக் கொடுக்கும். மொத்தமாகவும் அனுமதிக்கலாம், பெயர் சொல்லி ஒவ்வொன்றாகவும் அனுமதிக்கலாம். பெயர் சொல்லி அனுமதிக்கும் வழிதான் எனக்குப் பிடித்தது. ஆறு மாதம் கழித்து அமைப்புக் கோப்பைத் திறந்தால், எதை எதை மூடிய மென்பொருளாக ஏற்றுக்கொண்டேன் என்ற பட்டியல் கண்முன் இருக்கும்.

ஜென்டூ என்ற லினக்ஸ் வகையும் 2019 முதல் இயல்பாகக் கட்டற்ற உரிமங்களை மட்டுமே ஏற்கிறது. மற்றதற்கு நாமே ஒரு வரி எழுதிச் சேர்க்க வேண்டும்.

மேக்கில் அதிகம் பயன்படும் ஹோம்புரூ என்ற பேக்கேஜ் மேனேஜரில் ஃபார்முலா, காஸ்க் என்று இரண்டு வகை. ஃபார்முலாக்களின் முதன்மைக் களஞ்சியம் திறந்த மூலத்தை மட்டும் எடுக்கும், காஸ்க்கில் மூடியதும் வரலாம். ஆனால் நிறுவும் கட்டளை ஒன்றேதான். அந்தப் பெயரில் ஃபார்முலா இல்லையென்றால் காஸ்க்கை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான பயனர்கள் அந்தச் சொல் மாறியதைக் கவனிப்பதில்லை. வேர்க்காவல் சொல்லும் சிக்கல் கிட்டத்தட்ட இதேதான்.

சிறுதுளி

ஒரு சந்தேகம். ஹோம்புரூ தரும் 'பாட்டில்' என்ற தொகுப்பும் முன்பே கட்டி வைத்த பைனரிதானே? டெபியனில் வருவதும் பைனரிதான். அப்படியானால் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வருமா?

கல்தச்சன்

நல்ல கேள்வி, இங்கேதான் பலரும் குழம்புகிறோம். பாட்டிலைக் கட்டியது ஹோம்புரூவின் சொந்தக் கட்டமைப்பு. செய்முறை வெளியில் கிடக்கிறது, வேண்டுமென்றால் நீங்களே மூலத்திலிருந்து கட்டிக்கொள்ளலாம். அது வசதிக்கான பைனரி. மூடிய பைனரிக்கு அந்த வழியே இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் உண்டு. 2023-இல் ரஸ்ட் நிரல்மொழி உலகில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். செர்டி-டிரைவ் என்ற, எண்ணற்ற திட்டங்கள் சார்ந்திருக்கும் தொகுப்பு, 1.0.172-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸ் கணினிகளுக்கு முன்பே கட்டிய ஒரு பைனரியைச் சேர்த்து அனுப்பியது. கட்டும் நேரத்தைக் குறைக்கத்தான் செய்தார்கள். மூலநிரல் திறந்ததுதான், உரிமமும் கட்டற்றதுதான். ஆனாலும் அந்தப் பைனரி அந்த மூலநிரலிலிருந்துதான் வந்தது என்று வெளியாள் கட்டிச் சரிபார்க்க முடியவில்லை. பெரிய எதிர்ப்பு கிளம்பி, 1.0.184-இல் நீக்கினார்கள்.

வேர்க்காவல்

சிறுதுளி கேட்டது எனக்கும் தெளிவு தந்தது. நான் ஒன்று என்று நினைத்தது இரண்டு கேள்விகள்.

ஒன்று: இதன் மூலநிரல் எனக்குக் கிடைக்குமா, கிடைத்தால் மாற்ற உரிமை உண்டா?

இரண்டு: என் கணினியில் இறங்கும் இந்தக் கோப்பைக் கட்டியது யார்?

இவற்றை ஒரே கொடியில் அடைத்தால் பாட்டிலையும் மூடிய கருவியையும் ஒரே தட்டில் வைத்தது போலாகும். நிக்ஸ்-இல் உரிமத்துக்குத் தனிப் புலம், மூலத்திலிருந்து கட்டியதா, கட்டியதை எடுத்ததா என்பதற்குத் தனிப் புலம் என்று வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

இரவல்விளக்கு

திறந்த மூலம் என்றால் பாதுகாப்பு, மூடியது என்றால் ஆபத்து என்ற எண்ணத்தை இந்த வரி விதைத்துவிடும். 2024 மார்ச்சில், எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளுக்குள் பின்கதவு வைத்திருந்தது அம்பலமானதே, அது முழுக்கத் திறந்த மூலம். சோதனைக் கோப்பு என்ற பெயரில் களஞ்சியத்துக்குள்ளேயே பைனரியாகத் தீங்கை வைத்திருந்தார்கள். எச்சரிக்கை வராத தொகுப்பு நல்ல தொகுப்பு என்று பயனர் நம்பிவிட்டால் யார் பொறுப்பு?

வேர்க்காவல்

> திறந்த மூலம் என்றால் பாதுகாப்பு என்ற எண்ணத்தை விதைத்துவிடும்

வாசகத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். 'ஆபத்து', 'பாதுகாப்பற்றது' என்ற சொற்கள் எங்கும் வரக் கூடாது.

ஆனால் எக்ஸ்-இசட் கதையின் மறுபக்கத்தையும் பாருங்கள். எஸ்எஸ்எச் (தொலைக் கணினியோடு பேசும்) இணைப்பு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் தோண்ட ஆரம்பித்தார். மூலநிரலும் கட்டும் செய்முறையும் கையில் இருந்ததால், எந்த வரி எந்தக் கோப்பை எங்கே பிரித்துச் செருகுகிறது என்பது வரை அவரால் காட்ட முடிந்தது. அடுத்த சில நாட்களில் உலகமே அதை வரிவரியாகப் படித்தது. மூடிய பைனரியில் அதே தாமதத்தைக் கண்டுபிடித்திருந்தால், தயாரித்தவருக்கு மடல் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் கேட்பது பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. பிரச்சினை வந்தால் நானே திறந்து பார்க்க முடியுமா, முடியாதா என்பதை முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பனைமட்டை

2015-இல், கூகுள் குரோமின் திறந்த மூல வடிவமான குரோமியத்தில் நடந்ததை இங்கே யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். டெபியனின் மெயின் பகுதியிலிருந்தே நிறுவிய உலாவி. திறந்ததும், 'ஓகே கூகுள்' என்ற சொல்லைக் கேட்பதற்கான மூடிய பைனரி ஒன்றைப் பின்னணியில் தானாக இறக்கிக்கொண்டது. அது இயல்பாகச் செயல்படாது, பயனர் இயக்கினால்தான் கேட்கும் என்றார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். மெயின் பகுதியை மட்டும் வைத்திருந்தவர், மூடிய மென்பொருள் வேண்டாம் என்று அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? அவரைக் கேட்காமல் மைக்ரோஃபோன் சம்பந்தப்பட்ட ஒன்று உள்ளே வந்துவிட்டது. எதிர்ப்புக்குப் பிறகு குரோமியத்திலிருந்து அதை எடுத்தார்கள்.

கேட்டு வாங்குவது எப்படி என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் ஒரு உதாரணம். டிஆர்எம் என்ற நகல்தடுப்புப் பூட்டு போட்ட காணொளியை லினக்ஸில் திறந்தால் மேலே ஒரு பட்டை வரும், இதை இயக்கட்டுமா என்று கேட்கும். சம்மதித்தால்தான் வைட்வைன் என்ற மூடிய கூறு இறங்கும். என்ன, எதற்கு என்பது அந்த நொடியில் பயனருக்குத் தெரியும்.

சிறுதுளி

நான் ஒன்று சோதித்துப் பார்த்தேன், எல்லோரும் பார்க்க வேண்டும். ஒரு புது மெய்நிகர் சூழலில், லினக்ஸில், பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம், பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தை நிறுவினேன். பைடார்ச் பிஎஸ்டி உரிமம், கட்டற்றது. டெர்மினலில் 'சேகரிக்கிறது' என்று வரிசையாக ஓடிய வரிகளை நிதானமாகப் படித்தேன். என்விடியா-குப்லாஸ், என்விடியா-கியுடிஎன்என், என்விடியா-குஸ்பார்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் உரிமத்தையும் பிப் வழியே எடுத்துப் பார்த்தால் தனியுரிமை மென்பொருள் என்று வருகிறது. ஜிபி கணக்கில் இறங்கியது. இவையெல்லாம் என்விடியா வரைகலை அட்டைக்கானவை, என் மடிக்கணினியில் அந்த அட்டையே கிடையாது.

இத்தனை நாளும் நான் நிறுவியது ஒரு கட்டற்ற நூலகம் என்றுதான் நினைத்திருந்தேன். சிபியு மட்டும் போதும் என்றால் வேறு முகவரியிலிருந்து எடுக்கலாம் என்பதே இப்போதுதான் தெரிந்தது.

வேர்க்காவல்

சிறுதுளி, இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது உங்கள் பதிவுதான். நேரடியாகப் பெயர் சொல்லி ஒரு மூடிய கருவியைக் கேட்பவருக்குப் பெரும்பாலும் அது மூடியது என்று தெரிந்திருக்கும். தெரியாமல் வருவது சார்புகள் வழியாகத்தான், அதாவது கேட்டது ஓடுவதற்காகக் கூடவே வரும் மற்றத் தொகுப்புகள் வழியாக. மூன்றாம் மட்டத்தில், நான்காம் மட்டத்தில் இருக்கும் பெயரை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? நம் வரி அங்கே கட்டாயம் வேலை செய்ய வேண்டும்: 'நீங்கள் கேட்டது இது, இதற்காக இன்னது வருகிறது, அது மூடியது' என்று. எது எதை இழுத்தது என்ற சங்கிலியைக் காட்டாமல் வெறும் பெயரைச் சொன்னால் பயன் இல்லை.

உளிச்சத்தம்

நான் தானியங்கிக் கட்டமைப்புப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். தயவுசெய்து கேள்வி கேட்டு நிறுத்தும் வேலை வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு ஓடும் ஸ்கிரிப்ட்டில் 'ஆம் அல்லது இல்லை' என்று காத்திருந்தால் காலையில் எல்லாம் நின்றுபோயிருக்கும். தெரிவிக்கும் வரியைப் பிழை வெளியீட்டுப் பாதையில் அனுப்புங்கள், வழக்கமான வெளியீட்டை நம்பியிருக்கும் ஸ்கிரிப்டுகள் உடையாது. கடுமை வேண்டுபவர்களுக்கு அமைப்பில் ஒரு தேர்வு கொடுங்கள்: பட்டியலில் இல்லாத மூடிய தொகுப்பு வந்தால் நிறுத்து என்று. எங்கள் அணியில் அதைத்தான் போடுவேன். யாரோ ஒரு சார்பைச் சேர்த்து மூடிய ஒன்று உள்ளே வந்தால், அன்றே கட்டுமானம் உடைந்து தெரிந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கான என்பிஎம் பக்கத்தையும் மறக்க வேண்டாம். அங்கே நிறுவிய பிறகு ஓடும் ஸ்கிரிப்ட் எங்கிருந்தாவது ஒரு பைனரியை இழுத்து வரலாம், பேக்கேஜ் மேனேஜருக்கே தெரியாது. அதற்கு மாற்றான பி-என்பிஎம் தன் 10-ஆம் பதிப்பில் சார்புகளின் அந்த ஸ்கிரிப்டுகளை இயல்பாக ஓடவிடுவதில்லை, நாம் பெயர் சொல்லி அனுமதித்தால்தான் ஓடும். நம் செய்முறைகளிலும் நிறுவிய பின் ஓடும் பகுதி இருக்கிறது. அதை யாராவது ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். நான் எடுத்துக்கொள்கிறேன்.

நெடுவழி

நான் மூடிய மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நம் களஞ்சியத்தில் என் கருவியும் ஒன்று இருக்கிறது, செய்முறையைப் பராமரிப்பதும் நான்தான். தெரிவிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் சிவப்பு எழுத்து, முக்கோணக் குறி, 'எச்சரிக்கை' என்ற சொல் இவை வந்தால், என் கருவியை முதல்முறை நிறுவுபவர் அதைத் தீநிரல் என்றே நினைப்பார். நான் ஏமாற்றவில்லை. மூலநிரலைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லா மூடியதும் ஒரே மாதிரியும் அல்ல. வைஃபை அட்டைக்கான ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) இல்லாமல் நிறுவலே தொடங்காமல் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? டெபியனே 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் ஃபர்ம்வேருக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்த்துக்கொண்டது. கொள்கையில் அவ்வளவு உறுதியானவர்களே அந்த முடிவுக்கு வந்தார்கள் என்றால் யோசிக்க வேண்டும்.

வேர்க்காவல்

நெடுவழி, நீங்கள் வந்து எழுதியதற்கு நன்றி. உங்கள் தரப்பு இல்லாமல் இந்த வாசகத்தை முடிவு செய்திருந்தால் தப்பாகப் போயிருக்கும். 'எச்சரிக்கை' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். 'தகவல்' என்று இருக்கட்டும். நிறமும் வேண்டாம்.

ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டில் செயலியின் பக்கத்தில், இது கட்டற்றது அல்லாத இணையச் சேவையைச் சார்ந்தது, இது உங்களைப் பின்தொடர்கிறது என்று தனித்தனியாகச் சொல்வார்கள். 'கெட்ட செயலி' என்று எங்கும் போடுவதில்லை. எது குறை என்று குறிப்பாகச் சொல்லும்போது படிப்பவர் தானே எடை போட்டுக்கொள்வார். ஃபர்ம்வேரைத் தனி வகையாகவே காட்டலாம்.

கல்தச்சன்

இன்னும் இரண்டு சிக்கல்கள் பாக்கி.

முதலாவது, உரிமப் புலத்தை யார் நிரப்புவது? காலியாக இருப்பதைக் கட்டற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, 'உரிமம் குறிக்கப்படவில்லை' என்றே காட்ட வேண்டும். நிரப்பியிருந்தாலும் அது எதன் உரிமம் என்று பார்க்க வேண்டும். நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் இதற்கு நல்ல பாடம். மூலநிரல் எம்ஐடி என்ற கட்டற்ற உரிமம். ஆனால் மைக்ரோசாஃப்ட் கட்டிக் கொடுக்கும் பைனரிக்கு அவர்களுடைய தனி உரிமம், தகவல் சேகரிப்பும் உண்டு. அதே மூலத்திலிருந்து எம்ஐடி உரிமத்திலேயே கட்டித் தருவதற்காகத்தான் விஎஸ்கோடியம் என்ற திட்டமே இருக்கிறது. களஞ்சியத்தின் முகப்பைப் பார்த்து எம்ஐடி என்று எழுதிவிட்டால், நாம் பொய் சொன்னவர்களாவோம்.

இரண்டாவது, புதுப்பிப்பு. நேற்று கட்டற்றதாக இருந்தது நாளை மாறலாம். சேவையகங்களை அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டில் எம்பிஎல் என்ற கட்டற்ற உரிமத்திலிருந்து, பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்எல்லுக்குப் போனது. ஹோம்புரூ தன் முதன்மைக் களஞ்சியத்தில் அதை 1.5.7-இலேயே நிறுத்திக்கொண்டது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் மாறியது, பிறகு 2025-இல் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. இப்படி மாறிய பதிப்புகளில் மூலநிரல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கட்டற்றது அல்ல. இந்த நடு வகைக்கும் ஒரு சொல் வேண்டும். நம் நிறுவி இரவோடிரவாகப் புதுப்பித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

வேர்க்காவல்

அலைவரிசையின் முதல் கேள்விக்கும் இதிலேயே விடை கிடைக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் ஒரு தொகுப்பு முதன்முதலாக வரும்போது ஒருமுறை, அதன் நிலை மாறும்போது ஒருமுறை. வேறு எப்போதும் வராது. பெயரை ஏற்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால் நிலை மாறும்வரை அமைதி.

வரைவு வாசகம் இதோ:

தகவல்: கோப்பொப்பி 3.2 – மூலநிரல் வெளியிடப்படவில்லை. கட்டியவர்: தயாரிப்பாளர்.
தகவல்: எண்கணி-வேகம் 1.0 – மூலநிரல் வெளியிடப்படவில்லை. கட்டியவர்: தயாரிப்பாளர். வரக் காரணம்: நீங்கள் கேட்ட படப்பகுப்பி → எண்கணி → எண்கணி-வேகம்.
தகவல்: தரவுக்கிடங்கு 7.4 – உரிமம் மாறியுள்ளது. மூலநிரலைப் பார்க்கலாம், பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. முந்தைய பதிப்பு கட்டற்றது.

'ஆம்' கொடி போட்டாலும் இந்த வரிகள் வரும். நிறுத்தாது, ஆனால் மறையவும் மறையாது. நிறுவல் முடிந்தபின் கடைசியில் ஒருமுறை மீண்டும் அச்சாகும். நடுவில் வந்தால் ஓடும் வரிகளோடு மேலே போய்விடும் என்று சிறுதுளியின் சோதனையைப் பார்த்தபின் தோன்றியது. கூடவே, இப்போது கணினியில் இருக்கும் மூடிய தொகுப்புகளைப் பட்டியலிடத் தனிக் கட்டளை ஒன்று.

இரவல்விளக்கு

இந்த வாசகத்தில் எனக்குப் பயம் இல்லை. எந்த இடத்திலும் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. ஏற்கிறேன்.

நெடுவழி

முதல் வரி என் கருவிக்கு வந்தாலும் எனக்குச் சம்மதம். உண்மைதானே. என் செய்முறையில் உரிமப் புலத்தை இன்றே நிரப்பிவிடுகிறேன்.

அலைவரிசை

நேற்று இரவு, இந்த முன்மொழிவை வேர்க்காவல் நிரலாக எழுதிப் பார்த்த சோதனைக் கிளையை எடுத்து என் கணினியில் பட்டியல் கட்டளையை ஓட்டினேன். ஐந்து வரி வந்தது. நான்கு நான் தெரிந்தே போட்டவை: வரைகலை அட்டைக்கான இயக்கி, ஃபர்ம்வேர் இரண்டு, அலுவலகக் கூட்டங்களுக்கான செயலி.

ஐந்தாவது எனக்குத் தெரியாது. குறிப்பெடுக்க நான் தினமும் பயன்படுத்தும் கருவி, எழுத்துப்பிழை பார்க்க ஒரு கூறை இழுத்து வந்திருக்கிறது. மூலநிரல் இல்லை. அது ஒரு சேவையகத்தோடு பேசுகிறது என்பதை அதன் பக்கத்தைத் தேடிப் படித்தபின்தான் அறிந்தேன். என் குறிப்புகளில் வீட்டு விஷயங்கள், மருத்துவ விவரங்கள் எல்லாம் இருக்கின்றன.

அந்தக் கூறு இல்லாமலும் குறிப்புக் கருவி ஓடுகிறது, எடுத்துவிட்டேன். மற்ற நான்கையும் பெயர் சொல்லி ஏற்புப் பட்டியலில் சேர்த்தேன். என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். கிளையில் ஒரே ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன்: திரை அகலம் குறைவாக இருந்தால் 'வரக் காரணம்' பகுதி வெட்டுப்பட்டுவிடுகிறது, அதை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறேன். பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.